296 கெல்வினில் ஒரு பட்டியல்: ஹைட்ரானின் ஆக்சிஜன் பக்கம்

எங்கள் இயற்பியல் துறை ஆய்வகத்தில் மூன்று மீட்டர் நீளத்துக்கு ஓர் எஃகுக் குழாய் கிடக்கிறது. இரண்டு முனையிலும் கண்ணாடிச் சன்னல். உள்ளே வெறும் காற்று. ஒரு முனையில் 760 நானோமீட்டர் லேசர் டயோடு, மறுமுனையில் ஒளி உணரி. லேசரின் அலைநீளத்தை மெல்ல நகர்த்தினால், திரையில் சமமாக ஓடிக்கொண்டிருக்கும் கோடு ஓரிடத்தில் பள்ளத்தில் இறங்கி ஏறும். அந்தப் பள்ளம்தான் ஆக்சிஜன். நிறமாலைக் கோடு என்று நாங்கள் சொல்வது இந்தப் பள்ளத்தைத்தான். நாம் இழுக்கிற மூச்சில் ஐந்தில் ஒரு பங்காக இருக்கிற அதே வாயு.

பள்ளம் எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும் என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். பன்னிரண்டு வருடங்களாக அதற்காக நான் போய் நிற்கிற வாசல் ஹைட்ரான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ஹார்வர்டும் ஸ்மித்சோனியனும் சேர்ந்து நடத்தும் வானியற்பியல் மையத்தில் இருக்கும் நிறமாலைத் தரவுத் தளம். மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பதிவு செய்துகொண்டால் போதும், காசு கிடையாது. நீராவி, கரியமில வாயு, மீத்தேன் என்று 2020 பதிப்பில் 55 மூலக்கூறுகளுக்குக் கோடு கோடாகக் கணக்கு இருக்கிறது. நான் இங்கே எழுதப்போவது ஒரே ஒரு மூலக்கூறைப் பற்றி. பட்டியலில் ஏழாவது எண்ணில் இருக்கும் ஆக்சிஜன். மற்றவற்றைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு.

முதலில் இந்த ஆக்சிஜன் கோடுகள் எவ்வளவு மெலிந்தவை என்பதைச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் இந்தத் தளத்தின் உழைப்பு புரியாது. ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்களும் ஒன்றுபோல இருப்பதால் ஒளியின் மின்புலம் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை. மின் இருமுனை விதிகள், அதாவது ஒளியின் மின்புலம் மூலக்கூறை எழுப்புவதற்கான விதிகளின்படி, மூலக்கூறு இந்த ஒளியை விழுங்கி மேல்மட்டத்துக்குத் தாவுவது நடக்கவே கூடாது. ஆனாலும் நடக்கிறது, காந்த இருமுனை வழியாக. 1934-இல் இயற்பியலாளர் வான் வ்லெக் இதை விளக்கினார். ஒளியின் காந்தப்புலம் மட்டும் மூலக்கூறை மெல்லத் தொட்டு எழுப்புகிறது. எழுந்த மூலக்கூறைத் தனியே விட்டால், ஒளியை உமிழ்ந்து திரும்பச் சராசரியாகப் பன்னிரண்டு விநாடி எடுத்துக்கொள்கிறது. அணு உலகத்தில் பன்னிரண்டு விநாடி என்பது ஒரு யுகம்.

அதனால்தான் ஏ பட்டை என்று நாங்கள் அழைக்கும் இந்த 760 நானோமீட்டர் கூட்டத்தில் வலுவான கோடுகூட, ஹைட்ரானின் அலகில், சுமார் 8 × 10-இன் அடுக்கு −24 தான். நீராவியின் 1.39 மைக்ரான் பகுதியில் இருக்கும் வலுவான கோடுகள் இதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். ஒரு மீட்டர் காற்றில், கோட்டின் நடு உச்சியில், ஆக்சிஜன் விழுங்குவது இரண்டரை சதவீத ஒளி. எங்கள் மூன்று மீட்டர் குழாயில் ஏழு சதவீதம் அளவுக்குப் பள்ளம் விழும். கண்ணால் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும்.

ஆனால் எட்டு கிலோமீட்டர் காற்று இருந்தால் நிலைமை வேறு. 1814-இல் பிரான்ஹோஃபர் சூரிய நிறமாலையின் கருங்கோடுகளுக்குப் பெயர் வைத்தபோது, சிவப்பின் கடைக்கோடியில் இருந்ததற்கு முதல் எழுத்தைக் கொடுத்தார். அதுதான் இந்த ஏ. அது சூரியனுக்குச் சொந்தமானதல்ல, நம் தலைக்குமேல் இருக்கும் காற்றுக்குச் சொந்தமானது. 1889-இல் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென், பாரிஸின் ஈபிள் கோபுரத்தின் மின்விளக்கை, அருகிலுள்ள மியூதோன் வானாய்வகத்திலிருந்து நிறமாலைமானியில் பார்த்தார். இடைப்பட்ட காற்றின் நீளம் ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர். சூரியனே இல்லாத இரவிலும் ஆக்சிஜனின் பட்டைகள் இருந்தன. வகுப்பில் இதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கும். ஒரு கோபுரம், ஒரு விளக்கு, நடுவில் ஊரின் காற்று. வேறெந்தக் கருவி வேண்டும்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஹைட்ரானில் ஒரு கோட்டுக்கு ஒரு வரி. பழைய கோப்பு வடிவில் வரிக்கு 100 எழுத்து; 2004 பதிப்பிலிருந்து 160. முதலில் மூலக்கூறு எண், ஐசோடோப்பு வகை எண். பிறகு கோட்டின் இடம், வலிமை, காற்றோடு மோதி அகலும் அளவு, தன்னோடு தானே மோதி அகலும் அளவு, ஒளியை விழுங்குமுன் மூலக்கூறு இருந்த கீழ்மட்டத்தின் ஆற்றல். கடைசியில், மூலக்கூறு எந்தச் சுழற்சிப் படியில் நிற்கிறது என்று சொல்லும் சுழற்சி எண்களும் பிழைக் குறியீடுகளும். முதன்முதலில் திறந்து பார்க்கிறவருக்கு இடைவெளியே இல்லாத எண் சுவர்போலத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு இது கடினம். மறைத்துப் பேசுவதில் பயனில்லை. குறிப்பாக ஆக்சிஜனின் மட்டக் குறிகளைப் பிரித்துப் படிக்க ஒரு மாலைப்பொழுது ஒதுக்க வேண்டும். தளத்திலேயே உங்களுக்கு வேண்டிய பத்திகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் காற்புள்ளி போட்டுப் பிரித்த கோப்பாகவும் இறக்கிக்கொள்ளலாம். மாணவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான்.

அந்த எண் சுவரில் கொஞ்சம் பொறுமையாக விரல் வைத்துப் போனால் மூலக்கூறின் உள்வீடு தெரியும். சாதாரண ஆக்சிஜனுக்குக் கீழ்மட்டத்தில் சுழற்சி எண்கள் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படையாக மட்டுமே வரும். 2, 4, 6 கிடையாது. பட்டியலில் விடுபட்டுப்போகவில்லை, இயற்கையிலேயே இல்லை. ஆக்சிஜன்-16 அணுக்கருவுக்குத் தற்சுழற்சி (ஸ்பின்) பூஜ்யம். இரண்டு ஒரே மாதிரிக் கருக்கள் இடம் மாறினாலும் எதுவும் மாறக் கூடாது என்கிற ஒரே காரணத்தால் ஏணியில் பாதிப் படிகள் உருவப்பட்டுவிட்டன. 763 நானோமீட்டர் பக்கம் போனால் கோடுகள் இரட்டை இரட்டையாக, ஒரு ஜோடிக்குள் 0.1 நானோமீட்டர் இடைவெளியில் நிற்கும். இணைசேராத இரண்டு எலக்ட்ரான்களின் தற்சுழற்சி செய்கிற வேலை அது. இதையெல்லாம் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் இருக்கிறார்கள். பட்டியலில் விரலால் தடவிப் பார்த்தவர்கள் குறைவு.

வலிமை என்ற அந்த ஒற்றை எண்ணுக்குள் மூன்று விஷயங்கள் கூடியிருக்கின்றன. அந்தப் படியில் எத்தனை மூலக்கூறுகள் நிற்கின்றன என்பது ஒன்று. அந்தப் படியிலிருந்து கிளம்புகிறவை பல வழிகளில் எந்த விகிதத்தில் பிரிகின்றன என்கிற ஹோன்ல்–லண்டன் காரணி இரண்டாவது. பட்டை முழுவதற்கும் பொதுவான காந்த இருமுனையின் பலம் மூன்றாவது. மூன்றையும் பெருக்கி 296 கெல்வினில் நிறுத்தி எழுதியிருக்கிறார்கள். 296 கெல்வின் என்றால் 23 டிகிரி செல்சியஸ். இந்த இடத்தில்தான் எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது.

ஒரு மே மாதம். ஆய்வகத்தில் ஏ.சி. நின்றுபோய் மூன்று நாள் ஆகியிருந்தது. சன்னலைத் திறந்தால் லேசரின் மேல் தூசி, மூடினால் புழுக்கம். முதுகலை மாணவி ஒருத்தி இரண்டு கோடுகளை அளந்துகொண்டிருந்தாள். ஒன்று 760.9 நானோமீட்டர் பக்கம் இருக்கும், சுழற்சி எண் 7-இலிருந்து கிளம்பும் வலுவான கோடு. இன்னொன்று 759.8 பக்கம், 21-இலிருந்து கிளம்பும் மெலிந்த கோடு. இரண்டின் பரப்பையும் வகுத்துப் பார்த்தால் ஹைட்ரான் சொல்கிற விகிதத்தைவிடப் பத்து சதவீதம் அதிகமாக வந்தது. மறுபடி அளந்தாள். மறுபடியும் அதே.

“பட்டியலில்தான் தவறு இருக்கிறது, மேடம்” என்றாள்.

“சுவரில் தொங்குகிற வெப்பமானியைப் பார்த்துவிட்டு வா” என்றேன்.

33 டிகிரி காட்டியது.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 7-ஆம் படியின் ஆற்றல் அலை எண்ணில், அதாவது ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலை என்கிற அளவில், சுமார் 80. 21-ஆம் படிக்குச் சுமார் 663. அறை பத்து டிகிரி சூடானால் தாழ்ந்த படிகளில் நிற்கும் மூலக்கூறுகள் கொஞ்சம் குறையும். உயர்ந்த படிகளில் கூடும். வலுவான கோடு இரண்டு சதவீதம் இறங்குகிறது, மெலிந்த கோடு ஏழு சதவீதம் ஏறுகிறது. விகிதத்தில் ஒன்பது, பத்து சதவீத மாற்றம். அவள் அளந்தது சரி. பட்டியலும் சரி. நாங்கள் கேட்ட கேள்விதான் வேறு வெப்பநிலையில் இருந்தது. அந்தத் தாளை அவள் அன்றைக்கே பரிசோதனைக் குறிப்பேட்டில் ஒட்டிவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பரிசோதனையைத் தலைகீழாக்கித் தருகிறேன். இரண்டு கோடுகளை அளந்து அறையின் வெப்பநிலையைச் சொல்லுங்கள், பிறகு போய் வெப்பமானியைப் பாருங்கள். ஒரு டிகிரி, இரண்டு டிகிரிக்குள் வந்து நிற்கிறபோது மாணவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வெப்பநிலை மாற்றத்தைக் கையால் கணக்கிட வேண்டிய கட்டாயம் இல்லை. ஹைட்ரான் குழுவே ஹாப்பி என்றொரு பைத்தான் நிரல் தொகுப்பைத் தருகிறது. எந்த மூலக்கூறு, எந்த அலை எண் வரம்பு என்று சொன்னால் தானே தளத்திலிருந்து கோடுகளை எடுத்துவந்து, நீங்கள் தருகிற வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் நிறமாலையை வரைந்து கொடுத்துவிடும். நன்றாக எழுதப்பட்ட கருவி. ஆனால் என் மாணவர்களை முதல் முறை கையால்தான் போடச் சொல்கிறேன். எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறையாவது தெரிந்துவிட வேண்டும்.

இந்தத் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்தது எதுவென்றால், தன்னை எவ்வளவு நம்பலாம் என்று அதுவே சொல்வது. ஒவ்வொரு கோட்டின் வலிமைக்கும் பக்கத்தில் ஓர் ஒற்றை இலக்கப் பிழைக் குறியீடு இருக்கிறது. 8 என்றால் ஒரு சதவீதத்துக்கும் குறைவான ஐயம். 7 என்றால் ஒன்றிலிருந்து இரண்டு. 6 என்றால் இரண்டிலிருந்து ஐந்து. அப்படியே இறங்கி 3-க்கு வந்தால் இருபது சதவீதமோ அதற்கு மேலோ. பக்கத்திலேயே இன்னோர் எண். அந்த மதிப்பை அளந்தவர்கள் யார், எந்த ஆய்வுக் கட்டுரை என்பதற்கான குறி. நீங்கள் கோடுகளை இறக்கும்போது, அந்தத் தேர்வுக்கு மட்டும் பொருந்தும் மூலக் கட்டுரைகளின் பட்டியலையும் சேர்த்தே தருகிறார்கள். எத்தனையோ கருவிகளின் கையேடுகளைப் பார்த்திருக்கிறேன். “துல்லியம்: மிக உயர்ந்தது” என்று அச்சடித்த ஒரு கையேட்டை நம்பி, இரண்டு மாத அளவீடுகளைக் குப்பையில் போட்டிருக்கிறேன். ஐயத்தை எண்ணாகச் சொல்கிறவரைத்தான் என்னால் முழுதாக நம்ப முடிகிறது.

ஏ பட்டைக்கு இவ்வளவு கவனம் ஏன் என்று கேட்கலாம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு 20.95 சதவீதம், எங்கே போனாலும் ஏறக்குறைய அதேதான். எனவே ஆக்சிஜன் கோட்டின் ஆழத்தை அளந்தால் ஒளி எவ்வளவு காற்றைக் கடந்துவந்தது என்று தெரிந்துவிடும். 2014 ஜூலையில் நாசா அனுப்பிய ஓகோ-2 செயற்கைக்கோள் கரியமில வாயுவை அளக்கும்போது கூடவே ஏ பட்டையையும் அளப்பது இதற்காகத்தான். கரியமில வாயுவின் அளவில் ஆயிரத்தில் ஒன்று, இரண்டு பங்கு மாற்றத்தைப் பிடிக்க வேண்டும் என்றால் ஆக்சிஜனின் கோட்டு வலிமையிலும் வடிவத்திலும் அந்த அளவுக்குத் துல்லியம் வேண்டும். அந்தத் துல்லியத்தில், கோட்டின் உருவத்துக்குப் பாடப்புத்தகம் தருகிற வாய்க்ட் வடிவம் போதாது. மோதல்களில் அடுத்தடுத்த கோடுகள் ஒன்றோடொன்று கலப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏ பட்டைக்கு இந்தக் கூடுதல் அளவுருக்களும் இப்போது தளத்தில் கிடைக்கின்றன. எங்கள் குழாய்க்கு இதெல்லாம் தேவைப்படுவதில்லை. தேவைப்படுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஆக்சிஜனின் இன்னொரு பட்டையான 1.27 மைக்ரான் பட்டை வேறு கதை. மொத்த வலிமை ஏ பட்டையில் எழுபதில் ஒரு பங்கு. அங்கே எழுந்த மூலக்கூறு தானாக ஒளியுமிழ்ந்து இறங்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். மெல்லிய கோடுகளுக்கு அடியில், மோதிக்கொள்ளும் மூலக்கூறு ஜோடிகள் சேர்ந்து விழுங்கும் அகன்ற மேடு ஒன்றும் இருக்கிறது. அதைக் கோட்டுப் பட்டியலில் தேடாதீர்கள். மோதல்வழி உட்கவர்தல் என்ற தனிப் பிரிவில், தனிக் கோப்பாக வைத்திருக்கிறார்கள். இதைக் கவனிக்காமல் கணக்குப் போட்டால் அடித்தளம் எப்போதும் இடித்துக்கொண்டே இருக்கும்.

இன்னொரு பிடி இருக்கிறது. பலரும் இதில் தடுக்கி விழுகிறார்கள், நாங்களும் விழுந்தோம். ஹைட்ரானின் வலிமை எண்ணுக்குள் பூமியில் அந்த ஐசோடோப்பு எவ்வளவு இருக்கிறது என்கிற பங்கும் ஏற்கெனவே பெருக்கப்பட்டிருக்கிறது. சாதாரண ஆக்சிஜனுக்கு அது 0.995. இரண்டு முறை பெருக்கினாலும் அரை சதவீதம்தான் வேறுபடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஓர் அணு 16, இன்னோர் அணு 18 என்று இருக்கும் கலப்பு மூலக்கூறுக்கு அது 0.00399. இரண்டு முறை பெருக்கினால் கோடு 250 மடங்கு சிறுத்துப்போகும்.

சென்ற ஆண்டு ஒரு மாணவன், பொதுவில் கிடைக்கும் சூரிய நிறமாலை ஒன்றில் அந்தக் கலப்பு மூலக்கூறின் கோடுகளைத் தேடிக்கொண்டிருந்தான். 1929-இல் அமெரிக்க வேதியியலாளர்கள் ஜியாக்கும் ஜான்ஸ்டனும் ஆக்சிஜன்-18 என்று ஓர் ஐசோடோப்பு இருப்பதையே இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் பாப்காக் சூரிய ஒளியில் அளந்து வைத்திருந்த ஏ பட்டையில், வலுவான கோடுகளுக்கு நடுவே யாராலும் விளக்க முடியாத மெல்லிய கோடுகள் நின்றன. அவற்றின் இடத்தைக் கணக்கிட்டுப் பார்த்து, இது கனமான அணு ஒன்று சேர்ந்த மூலக்கூறு என்றார்கள். அதுவரை ஆக்சிஜனுக்கு ஒரே எடைதான் என்று வேதியியலே நம்பிக்கொண்டிருந்தது.

மாணவனின் கணக்குப்படி அந்தக் கோடுகள் வரைபடத்தில் தெரியவே கூடாது. ஆனால் சூரிய நிறமாலையில் பள்ளங்கள் பளிச்சென்று இருந்தன. இரண்டு நாள் குழம்பிவிட்டு என்னிடம் வந்தான். நிரலைத் திறந்து வரி வரியாகப் பார்த்தோம். பன்னிரண்டாவது வரியில் 0.00399 என்று அவன் கையால் எழுதிய ஒரு பெருக்கல்.

“இது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, தம்பி” என்றேன்.

அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினான். சூரிய நிறமாலையின்மேல் கணக்கு வந்து உட்கார்ந்தது. சாதாரண ஆக்சிஜனின் கோடுகள் முழுக் கறுப்பாக அடிவரை இறங்கியிருந்தன. அவற்றுக்கு நடுவே, பாதி ஆழத்தில், கலப்பு மூலக்கூறின் கோடுகள். இரண்டு அணுக்கருவும் வேறு வேறு என்பதால் இங்கே படி எதுவும் உருவப்படுவதில்லை. அவன் திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு விரலால் எண்ணினான். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு.

“ஆறும் இருக்கிறது, மேடம். எட்டும் இருக்கிறது.”